ஒரே வாங்கில் உட்கார்ந்தவர்கள்

பரீட்சை தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கோட்டுச்சேரிப் பள்ளிக்கூடத்து வராந்தாவில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் சட்டை நுனியை ஏழு வயதுச் சுகி பிடித்திருந்தாள். சுகியின் இன்னொரு கையை அவளுடைய அக்கா வதனி பிடித்திருந்தாள். வதனிக்குத்தான் பரீட்சை. பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு, முதல் நாள், தமிழ்.

பங்குனி வெயில் காலையிலேயே முதுகில் ஏறிவிட்டது. மாணவர்களின் தலையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனை. எல்லாம் ஒழுங்காக நடப்பதைப் பார்த்து எனக்கே சந்தேகம் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்துத் தெருவில் சாவுக்குத் தப்பு அடிக்கத் தொடங்கினார்கள்.

"யாரு சார்?" என்று தலைமையாசிரியரைக் கேட்டேன்.

"கீழத்தெரு பெரியவருங்க. தொண்ணூறு தாண்டிட்டாரு. கொள்ளுப்பேரன மடியில வச்சுப் பாத்துட்டுத்தான் போயிருக்காரு. கல்யாணச் சாவு. பத்தரைக்கு எடுக்கறாங்களாம்."

"எந்த வழியா எடுக்கறாங்க?"

"சுடுகாட்டுக்கு இருக்கறது ஒரே வழி. நம்ம வாசல் வழிதான்."

"வேட்டு போடுவாங்களா சார்?"

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "தொண்ணூறு வயசுக்காரருக்கு வேட்டு போடாம, ஊதுவத்தி கொளுத்திட்டு வுட்டுடுவாங்களா?"

முதல் வேட்டு என் வயிற்றுக்குள் அப்போதே வெடித்துவிட்டது.

சாவு வேட்டுக்கும் தமிழ்ப் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பின்னால் போவது எனக்குக் கைவந்த கலை. முன்னால் போகச் சொன்னால்தான் எப்போதும் தகராறு.

நான் போர் நிபுணரான விதம்

எண்பதுகளின் நடுப்பகுதி. கல்வியியலில் முதுகலை முடித்துவிட்டு, காரைக்கால் பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எப்போது வரும் என்பதை மனப்பாடமாக வைத்திருந்த காலம். வேறு வேலை இல்லை என்பதை இதைவிடக் கௌரவமாகச் சொல்லத் தெரியவில்லை.

வடக்கே ஒரு பெரிய நகரத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். 'ஆயுத மோதல் நடக்கும் பகுதிகளில் பள்ளிக் கல்வி' என்று ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் சண்டை. இந்தப் பக்கம் காரைக்கால். வரைபடத்தில் விரற்கடை தூரம். அங்கிருந்து படகில் வந்த குடும்பங்களைப் பார்த்துக் கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டும் என்றார். நேர்காணலில் என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "உங்கள் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம்?" நடந்து போகும் தூரம் என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

என் வீரத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாடு தப்பித்திருக்கும். எங்கள் ஊரில் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி வாணவேடிக்கை விடுவார்கள். ஊரே வேடிக்கை பார்க்கும். நான் உள்ளறைக் கட்டிலுக்குக் கீழே இருந்து அதைக் காதால் பார்ப்பேன். மீசை முளைத்து வெகு நாள் ஆன பிறகும்.

என் தாய்மாமாவும் பிரெஞ்சு ராணுவத்தில் சைகோன் வரை போய்வந்தவர்தான். வேலை கிடைத்த செய்தியைச் சொல்லி அவர் காலில் விழப் போனேன்.

"இவனா சண்டையைப் பத்தி ஆராயப் போறான்? அடுப்புல கடுகு வெடிச்சா அடுத்த வூட்டுக்கு ஓடுற பய!" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

மாமாவின் கூடப் போன பென்ஷன்காரர் ஒருவர் பின்னாளில் சொல்லித்தான் எங்களுக்கு விஷயம் தெரியும். மாமாவுக்குச் சமையற்கூடத்தில்தான் வேலையாம். அவர் பார்த்த போரில் அதிகம் வெட்டுப்பட்டது வெங்காயம்.

பேராசிரியரின் கேள்விகள்

கோட்டுச்சேரியில் ஒரு ஓட்டு வீட்டில் ராசமலர் டீச்சர் வாடகைக்கு இருந்தார். தம் மகள்கள் வதனியையும் சுகியையும் கூட்டிக்கொண்டு படகில் வந்தவர். வீட்டையும் மாட்டையும் விட்டு வர மனமில்லாமல் கணவர் அங்கேயே தங்கிவிட்டார். டீச்சர் தம் ஊரில் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தை ஏறக்குறைய ஒற்றை ஆளாக நடத்தியவர். கூட இருந்த மற்ற ஆசிரியர்கள் ஒவ்வொருவராக ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கு ஒரு மடக்கு நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, "கேளுங்கோ தம்பி" என்றார். நான் பேராசிரியர் ஆங்கிலத்தில் எழுதி யாரோ தமிழாக்கிய கேள்விகளை வாசித்தேன்.

"பள்ளிக்கும் மோதல் நிகழும் இடத்துக்கும் இடைப்பட்ட தூரம் என்ன?"

"மோதல் என்ன, கோயிலோ தம்பி, ஒரு இடத்தில நிக்கிறதுக்கு? அது நடந்து வாற சாமான். எதில நிண்டு அளக்கச் சொல்லுறியள்?"

நான் 'பொருந்தாது' என்று எழுதினேன்.

"மாணவர்களுக்கு விளையாட்டு மைதானம் உண்டா?"

"இருக்கு. நடுவில குண்டுக்கு ஒளிக்கப் பங்கர் வெட்டிக் கிடக்கு. பிள்ளையள் அதுக்குள்ள குதிச்சு விளையாடுவினம்."

'உண்டு' என்று எழுதுவதா 'இல்லை' என்று எழுதுவதா தெரியவில்லை. பேனாவை உதறினேன். மை இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். உள்ளே போய்ச் சுகியின் பென்சிலை எடுத்து வந்து கொடுத்தார்.

"மோதல் காலத்தில் ஆசிரியரின் மனநிலை? மிக நன்று, நன்று, சுமார்..."

"தம்பி, இதை ஆர் எழுதினது?"

"எங்க பேராசிரியருங்க."

"அவருக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"

"முடிஞ்சிருச்சுங்க."

"அந்தப் பெண்சாதி பாவம்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைய ஆய்வு அத்துடன் நிறைவுற்றது.

வாங்கு

பென்சிலைத் திருப்பிக் கொடுக்க மறுநாள் போனேன். கேள்வித்தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு, "ஒங்க பள்ளிக்கூடத்தப் பத்தி நீங்களா சொல்லுங்க டீச்சர்" என்றேன். அப்போதுதான் வாங்கின் கதை வந்தது. வாங்கு என்றால் அவர்கள் ஊரில் பெஞ்சு.

"முதல் தரம் ஹெலிகொப்டர் வந்தண்டைக்கு, பிள்ளையள் வெளியில ஓடுவினம் எண்டு நினைச்சன். ஓடேல்ல. அஞ்சாம் வகுப்புக்காரி தம்பியைத் தேடி ஒண்டாம் வகுப்புக்கு ஓடுறாள். ஒண்டாம் வகுப்பு அக்காவைத் தேடி இஞ்சால வருது. எல்லாம் வாசலில முட்டுப்பட்டு, ஒண்டுக்கு மேல ஒண்டு விழுந்து... ஹெலி தன்ர பாட்டில போயிட்டுது. எங்களுக்கு வாசலிலதான் கை முறிஞ்சது, மண்டை உடைஞ்சது."

அடுத்த நாள் டீச்சர் வகுப்புகளைக் கலைத்துவிட்டார். ஒன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு என்ற பேச்சே கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு வாங்கு. அக்கா, தம்பி, குட்டித் தங்கை எல்லோரும் ஒரே வாங்கில். கூடப் பிறந்தவர் இல்லாத பிள்ளையை யாராவது ஒரு வாங்கில் சேர்த்துவிடுவார். சத்தம் கேட்டால் உன் வாங்கில் இருப்பவர் கையைப் பிடி, பிடித்த பிறகு ஓடு. விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் பூவரசங் கம்பால் அடி.

"எல்லா வகுப்புக்கும் ஒண்ணாப் பாடம் எப்புடிங்க நடத்துனீங்க?"

"ஒரு கதை சொன்னால் சின்னதுகள் கேக்கும். பெரிசுகள் அதை எழுதும். அதுக்கும் பெரிசுகள் அதில பிழை பிடிக்கும். கணக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்."

இதுதான் ஆய்வு, இதுதான் கண்டுபிடிப்பு என்று இரவோடு இரவாகப் பேராசிரியருக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். வெகு நாள் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. 'பல வகுப்புக் கற்பித்தல் முறை ஏற்கெனவே அறியப்பட்டதே. வினாத்தாளை விட்டு விலக வேண்டாம். தூரம் பற்றிய கேள்விக்கு விடை வரவில்லை.'

அந்த அட்டையைச் சுக்குநூறாகக் கிழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சம்பளம் அவர் கையெழுத்தில் வருவதால் மடித்து வைத்துக்கொண்டேன்.

ரெண்டாங்கிளாஸ் அல்ஜீப்ரா

இங்கே வந்ததும் பெண்கள் இருவரையும் தனி அனுமதியில் கோட்டுச்சேரிப் பள்ளியில் சேர்த்தார்கள். வதனி பத்தாம் வகுப்பு, சுகி இரண்டாம் வகுப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு முற்றமும் இரண்டு வேப்பமரங்களும்.

சில நாளில் தலைமையாசிரியர் என்னைத் தெருவில் மறித்தார். நான் இலங்கைக்காரர்களைப் பற்றி ஆராய்பவன் என்பதால், அவர்கள் தும்மினாலும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஊரில் முடிவு செய்திருந்தார்கள்.

"என்னங்க ரிசர்ச்சு, ஒங்காளு பண்றது நல்லாருக்கா? ரெண்டாங்கிளாஸ் புள்ள வந்து பத்தாங்கிளாஸ்ல ஒக்காந்து அல்ஜீப்ரா கேக்குது. கொண்டுபோய் வுட்டா, நான் திரும்பி வர்றதுக்குள்ள எனக்கு முன்னால வந்து ஒக்காந்திருக்கு!"

வாங்கின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சரிங்க, அது அங்க. இங்க என்ன, வேப்பமரத்துக் காக்காயா குண்டு போடப் போவுது?" என்றார்.

காக்காய் போடவில்லை. அரைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது பூவம் பக்கத்திலிருந்து வந்த கரும்பு லாரி ஒன்று, பள்ளிக்கூடத்து வாசலில் டயர் வெடித்து நின்றது. வதனி எழுந்தாள். விடைத்தாள் பறந்து கீழே விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை. முற்றத்தைத் தாண்டி ஓடி, இரண்டாம் வகுப்பிலிருந்து சுகியை இழுத்துக்கொண்டு, சுவரோரமாகக் குனிந்து குனிந்து வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தலைமையாசிரியர் கடுகடுப்பே தவிர கெட்டவர் இல்லை. மறுபடி எழுத விட்டார். ஆனால் ராசமலர் டீச்சரையும் என்னையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இது நம்ம பரீட்சைம்மா, வுட்டுட்டேன். முழுப் பரீட்சை கவர்மெண்டு பரீட்சை. நடுவுல எழுந்து வெளிய போனா போனதுதான். மறுபடி உள்ள வுட என்னால முடியாது. என் வேலை போயிடும்."

திரும்பி வரும்போது டீச்சர் வாய்க்கால் மதகருகே நின்றார்.

"ஒருக்கால் அவள் பத்துப் பாஸ் பண்ணிப்போட்டால் நேர்ஸ் படிக்க விடுவம் எண்டு இருக்கிறன். அடுத்த வருசம் நாங்கள் எங்க கிடப்பமோ, ஆருக்குத் தெரியும்? இந்த ஒரு சோதினைதான் தம்பி. நான்தானே கையை விடாதை, விடாதை எண்டு அடிச்சுப் பழக்கினனான். இப்ப விடு எண்டால் எப்பிடி விடுவாள்? படிப்பிச்சதை மறக்கப் பண்ணுறதுக்கு உங்கட படிப்பில ஏதும் வழி கிடக்கே?"

கிடக்கவில்லை. என் படிப்பில் 'மிக நன்று, நன்று, சுமார்' மட்டும்தான் கிடந்தது.

கடைசியில் தலைமையாசிரியரே ஒரு வழி சொன்னார். பரீட்சை நாளில் பெற்றோர் யாரும் வாசற்கதவைத் தாண்டி வரக் கூடாது. அது சட்டம். ஆனால் சுகியை வராந்தாவில், வதனியின் அறை வாசலுக்கு நேரே, அக்கா நிமிர்ந்தால் தெரிகிற இடத்தில் உட்கார வைக்கலாம். கூட ஒரு பெரிய ஆள் வேண்டும். தைரியமான ஆளாக இருந்தால் நல்லது.

தைரியமான ஆள் கிடைக்காததால் என்னைப் போட்டார்கள்.

சாவு வீட்டுக்குத் தூது

இப்போது அந்தத் தப்புச் சத்தத்துக்கு வருவோம்.

சுகியை அக்காவிடமே விட்டுவிட்டுச் சாவு வீட்டுக்கு ஓடினேன். கதவுக்கு வெளியே நின்ற ராசமலர் டீச்சர், "என்ன தம்பி, என்ன?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, சும்மா" என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். சும்மா ஓடுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

பந்தலில் பெரியவரை நாற்காலியில் சாய்த்து, மாலைகளுக்கு நடுவே முகம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார்கள். நான் மாலை இல்லாமல், வியர்த்துப்போய், பேச்சு வராமல், நடுங்கிக்கொண்டு நின்றேன். ஓர் அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். "யாரு பெத்த புள்ளையோ, எப்புடித் துடிக்குது பாரு!" பயத்தில் எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் என்னை உறவுக்காரன் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மூத்த மகன் ஓரமாக நின்றிருந்தார். அவருக்கே அறுபதுக்கு மேல் இருக்கும். கையைக் கூப்பிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். இலங்கையிலிருந்து வந்த பெண், சண்டை, ஹெலிகாப்டர், பரீட்சை, வேட்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அதுக்கு?" என்றார்.

"வேட்டு மட்டும் போடாம..."

"யோவ், யாருய்யா நீ? எங்கப்பாவ சத்தமில்லாம தூக்கிட்டுப் போவச் சொல்றியா? மாடியும் வயலும் வாங்கிக்கிட்டான், அப்பனுக்கு ஒரு வேட்டு போடலன்னு நாளைக்கு ஊரு என் மூஞ்சில துப்பாது?"

"துப்பும்ங்க" என்று ஒப்புக்கொண்டேன். வேறு என்ன சொல்வது?

அவர் அப்பாவின் தோளில் சரிந்திருந்த மாலையை நேராக்கினார். "எத்தினி வயசுப் பொண்ணு?" என்றார். சொன்னேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"இந்தாப்பா, பள்ளிக்கூடத்தத் தாண்டற வரைக்கும் ஒண்ணும் போடாத. தப்பும் வேணாம். தாண்டுனதும் மொத்தமும் போட்டுடு. ஒண்ணு கொறையக் கூடாது."

அவர் காலில் விழுந்தேன். அவர் அப்பா காலிலும் விழுந்தேன். வெற்றிவீரனாகப் பள்ளிக்கூடம் திரும்பினேன். என் வாழ்க்கையில் நான் நடத்திய ஒரே சமாதானப் பேச்சுவார்த்தை அதுதான். அதன் லட்சணத்தை இனி கேளுங்கள்.

தாண்டியதும்

பரீட்சை தொடங்கியது. வராந்தாவில் ஒரு பழைய பெஞ்சு போட்டிருந்தார்கள். சுகி ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். "மாமா, இதிலை இருங்கோ. இது எங்கட வாங்கு."

உட்கார்ந்தேன். எதிரே வாசலுக்குள் வதனி தெரிந்தாள். தலை குனிந்து எழுதினாள். ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை நிமிர்ந்து சுகியைப் பார்த்தாள்.

ஊர்வலம் வந்தது. சொன்னபடி தப்பு நின்றது. அழுகையும் நின்றது. நூறு பேர் செருப்பில்லாமல் நடக்கிற சத்தம் மட்டும். அந்த நிசப்தத்தில் அறைக்குள் எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. பூ வாசனை சுவரைத் தாண்டி வந்தது. சுவரோரமாகவே போய்த் தேய்ந்தது. நான் மூச்சை விட்டேன்.

நான் கணக்கில் சேர்க்க மறந்தது ஒன்று. பாதை பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் திரும்புகிறது. வேட்டுக்காரரைப் பொறுத்தவரை வாசலைத் தாண்டினால் பள்ளிக்கூடத்தைத் தாண்டியாயிற்று. வழி நெடுகப் பிரித்துப் போட வேண்டிய அத்தனை வேட்டையும் வதனியின் அறைக்குப் பின்சுவரை ஒட்டி வைத்து, ஒரே திரியாகக் கொளுத்திவிட்டார்.

அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ஓடு அதிர்ந்து தூசி கொட்டியது. காக்காய்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின.

காவலுக்கு வந்த பெரிய ஆள் எங்கே என்று பார்த்தால், பெஞ்சுக்குக் கீழே கிடந்தார். எப்படிப் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண்ணை இறுக்கிக்கொண்டு, முட்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு கிடந்தேன்.

சின்னதாக ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. சுகியும் கீழே இறங்கி வந்திருந்தாள். அவள் உதடு நடுங்கியது. ஆனால் பிடி உடும்புப் பிடி.

"பயப்பிடாதேங்கோ மாமா. நான் பிடிச்சிருக்கிறன்."

கண்ணைத் திறந்தேன். உள்ளே வதனி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் வரிசைக்கு வெளியே வந்துவிட்டது. கண்காணிப்பாளர், "ஏம்மா, எங்க போற?" என்று கேட்டுக்கொண்டே வருகிறார். அவள் கண்கள் வராந்தாவில் தேடுகின்றன. பெஞ்சு காலியாக இருக்கிறது.

"அக்கா!" என்று சுகி கீழேயிருந்து கத்தினாள். "நாங்கள் ரெண்டு பேரும் இஞ்சதான் கிடக்கிறம்! மாமாவை நான் விடேல்ல!"

வதனி குனிந்து பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். தங்கை கையில் மாட்டியிருந்த கையைப் பார்த்தாள். இன்னொரு வேட்டு, அப்புறம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அவள் தோள் குலுங்கியது. பிறகு மெதுவாக, வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "இன்னும் முடியேல்ல" என்று சுகி விடவில்லை. சத்தம் ஓய்ந்த பிறகும் விடவில்லை. என் முழங்கால் மரத்துப்போனது. பெஞ்சின் அடியில் யாரோ ஒட்டிவைத்த புளியங்கொட்டை முதுகைக் குத்தியது. தலைமையாசிரியர் அந்தப் பக்கம் வந்து குனிந்தார்.

"என்னங்க ரிசர்ச்சு, கீழ என்ன தேடறீங்க?"

"டேட்டா சார்."

"கெடைச்சா ஏறி வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. பேனா உராயும் சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று உள்ளே ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. பார்த்தால், வதனி மறுபடி எழுந்து நிற்கிறாள்.

என் உயிர் பாதி வழி போய்விட்டது. முடிந்தது, எல்லாம் போயிற்று, வாசலில் நிற்கும் டீச்சர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். சுகியின் கையை இந்த முறை நான் இறுக்கிப் பிடித்தேன்.

வதனி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. கையைத் தூக்கினாள்.

"சேர், எழுத இடம் காணாது. இன்னொரு தாள் தாங்கோ."